தாழ் போடாத பின்வாசல்

"பின்வாசலத் தாழ் போடுங்க செசிலியக்கா, இந்த மாசம் இது ஆறாந்தடவ—"

"போட மாட்டேன் சாரே, காத்து தள்ளுனா நா என்ன செய்ய—"

"கதவு தொறந்து அலாரம் அடிச்சா துபாயில ஒங்க மவனோட போனுக்குத் தகவல் போவுது, ஒடனே அவன் ஸ்டேஷனுக்குப் போன் போடுதான். இருக்கது ஒரு ஜீப்பு. நேத்து நாங்க இஞ்ச நிக்கையில, ஊருக்குள்ள வேற ஒரு வீட்டுல நெசமாவே கள்ளன் ஏறிட்டான்."

ஏட்டு பூதலிங்கம் கதவைச் சாத்துகிறார். அலாரத்தின் ஊளை ஓய, கடல் மட்டும் இரைகிறது. செசிலியின் காலடியில் கிடந்த பிற்பகல் வெயில் ஒரு கோடாகச் சுருங்குகிறது. சுனாமியன்று மீன்பிடிக்கப் போன புருஷன் சிலுவையின் உடல் ஏழு வருஷமாகியும் கரைசேரவில்லை. ஏட்டின் விரல் தாழ்ப்பாளைத் தொட்டதும், மீன்செதிள் ஒட்டிய கையை அவள் குறுக்கே வைக்கிறாள்.

"ரெண்டு கையிலயும் வலை இருக்கும் சாரே. அவிய வந்தா எந்தக் கையால கதவத் தட்டுவாவ?"