டீசல் டேங்குக்கு ஒரு பூட்டு

ராஜகீழ்ப்பாக்கம் லாரி ஷெட்டின் தகரக் கூரை பகல் வெயிலில் சடசடக்கிறது. டீசல் டேங்கின் மூடிக்குப் பூட்டு போட, மெக்கானிக் ஜெரோம் இரும்புப் பட்டையை அடித்து வளைத்துக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு அடிக்கும் டிரைவர் குப்புராஜின் கண்கள் இமைக்கின்றன. பதினெட்டு வருஷமாக அவர் ஓட்டுகிற வண்டி. போன மாதம் முதலாளி சாம்பசிவன், மலிவாகக் கிடைத்ததென்று ஒரு சைஸ் பெரிய டயர்களை வாங்கி மாட்டினார். அன்றிலிருந்து, லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுத்த வண்டி நாலுதான் கொடுக்கிறது. “ஒவ்வொரு டயரும் ஆனைக்குட்டி மாரி கனம் கீது சார். டீசல் குடிக்காம இன்னா பண்ணும்? பெரிய டயரு கம்மி சுத்துதான சுத்தும், மீட்டரும் கம்மியா காட்டுது. காட்டாங்கொளத்தூர்லேந்து குரோம்பேட்டைக்கு இருவது காட்டிக்கினு இருந்துச்சு, இப்போ பத்தொம்போது. ரோடு இன்னா சுருங்கிப் போச்சா?” என்கிறார் குப்புராஜ். சாம்பசிவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “டயர் குடிக்குதோ, யார் குடிக்கிறாங்களோ. பூட்டு போட்டா தெரிஞ்சிடும்.” புது ரப்பர் வாசனை வெயிலில் குமட்டுகிறது. “அண்ணா, பட்டைய கொஞ்சம் அமுக்கிப் புடிங்க, கோணிக்கினு போவுது” என்கிறான் ஜெரோம், அவர் முகத்தைப் பார்க்காமல். குப்புராஜ் குனிகிறார். பூட்டு கோணலாக உட்கார்ந்துவிடக் கூடாதென்று, இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொடுக்கிறார்.