சத்தம் போடாத ஸ்விட்ச்

“அக்கா, இந்த ஸ்விட்ச்சைக் கழட்டிட்டு பழசையே போட்டுக் குடு.”

ஆல்பர்ட் பெடலை மேஜைமேல் வைத்தான். கல்பனாவின் கையிலிருந்த சால்டரிங் அயர்ன் அப்படியே நின்றது.

“இன்னா சொன்ன?”

“பழசுக்கா. டக்கு டக்குன்னு கத்துமே, அது.”

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் கல்பனாவின் கடை. மிக்சி, ஆம்ப்ளிஃபயர், எமர்ஜென்சி விளக்கு, எது வந்தாலும் பிரித்துப் பார்த்துவிடுவாள்.

ஆல்பர்ட், தாண்டவராயன் இன்னிசைக் குழுவில் கிடார் வாசிப்பவன். கிடாரின் குரலை மாற்றும் இந்தப் பெடல் பெட்டியை அவன் காலால் மிதிக்கும்போதெல்லாம் ‘டக்’ என்று மைக்கில் கேட்கிறதாம். பாடகர் தாண்டவராயன் போன வாரம் எல்லார் முன்னாலும் அவனைத் திட்டினார். சத்தம் வராத ஸ்விட்ச் போட்டு வரச் சொல்லி அனுப்பியதும் அவர்தான்.

கல்பனாவுக்கு அது புது வேலை. சென்னையிலிருந்து நாலைந்து ரகம் வரவழைத்து, ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து அழுத்திப் பார்த்தாள். ஸ்பிரிங் துள்ளுகிற ரகங்களை ஒதுக்கிவிட்டு, லேசாகத் தொட்டாலே போதும் என்கிற ஒன்றை எடுத்தாள். இணைப்பை மாற்றுகிற வேலையை உள்ளே ஒரு குட்டி ரிலேவுக்குக் கொடுத்தாள். ரிலே மெதுவாக ‘டிக்’ என்றது. அதற்கும் அடியில் ஸ்பாஞ்சு ஒட்டினாள். முடித்ததும், மேஜைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்த பூனையின் பக்கத்தில் வைத்து மிதித்துப் பார்த்தாள். பூனை காதைக்கூட அசைக்கவில்லை.

“என் வேலையில இன்னா குறை?”

“குறையே இல்லக்கா. அதான் பேஜாரு.”

“கிண்டலா?”

“ஐயோ, சத்தியமாக்கா! சத்தமே வரல.”

“வரக்கூடாதுன்னு சொல்லித்தானே என் உயிரை எடுத்த? உன்னால மிக்சிக்காரங்க கிட்டல்லாம் திட்டு வாங்கிக்கினு கீறேன். இப்ப பழசு வேணுமாம், பழசு!”

ஆல்பர்ட் தலையைச் சொறிந்தான். “காரணம் கேக்காதக்கா. சாயங்காலம் பெருநகர்ல கல்யாண ரிசப்ஷன் கீது. போட்டுக் குடு.”

கல்பனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘கல்பனா போட்ட ஸ்விட்ச் நல்லா கீது’ என்று தாண்டவராயன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சுற்றுவட்டாரத்து கிடாரெல்லாம் இந்தக் கடைக்குத்தான் வரும். திருமுக்கூடல் குழுக்காரர்கள் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார்கள். இப்போது பழசைத் திரும்பப் போட்டால் ஊர் என்ன பேசும்?

“முடியாது. வேற கடையைப் பாரு.”

வாசலில் மொபெட் வந்து நின்றது. தாண்டவராயனே இறங்கினார். தலை முழுக்க நரை. சிரித்தால் மட்டும் புத்தம் புதுப் பல்வரிசை.

“இன்னாம்மா கல்பனா, புது ஸ்விட்ச்சுன்னு பெருசா சொன்னியே! நேத்து பிராக்டிஸ்ல பாட்டு பூரா டக்கு. பல்லவியில ஒண்ணு, சரணத்துல மூணு!”

“இருக்காதுண்ணா. நான் நல்லா டெஸ்ட் பண்ணித்தான்...”

“எத்தினி வருஷமா மைக் புடிக்கிறேன்! என் காதை ஏமாத்த முடியுமா?”

சொல்லிவிட்டு வாயை மூடினார்.

டக்.

“கேட்டியா? இப்பக்கூட!”

“நான்தான்ணா. தெரியாம கை பட்டுடுச்சு” என்றான் ஆல்பர்ட் அவசரமாக.

அவன் இரண்டு கைகளும் பேண்ட் பாக்கெட்டில் இருந்ததை கல்பனா பார்த்தாள். பெடல் மேஜைமேல் சும்மா கிடந்தது. அவள் தாண்டவராயனின் வாயைப் பார்த்தாள். பிறகு ஆல்பர்ட்டைப் பார்த்தாள். அவன் கண்ணாலேயே கும்பிட்டான்.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அவள் பெயர் பிழைக்கும்.

“ஆமாண்ணா” என்றாள் கல்பனா. “நான் போட்டது சரியில்ல. பழசையே போட்டுடறேன்.”

“அப்படி வா வழிக்கு! தெரியாத வேலையை இன்னாத்துக்கும்மா தொடணும்?”

வெற்றிச் சிரிப்போடு கிளம்பினார். மொபெட் சந்து திரும்பும்வரை அவர் பாட்டு கேட்டது.

“எப்படா தெரிஞ்சுது?”

“நேத்துதான்கா. உன் ஸ்விட்ச்சு மூச்சே விடல. ஆனாலும் டக்குன்னுது. அப்பதான் நிமிர்ந்து அவரு வாயைப் பார்த்தேன்.”

“பல்லு ஆடுதுன்னு அவர் கிட்டயே சொல்லிட வேண்டியதுதானே?”

“பல்லு போனதுலருந்து மனுஷன் வூட்ட விட்டே வெளிய வரலக்கா. யாரு கூப்புட்டும் பாடல. பல்செட்டு கட்டிக்கினு இப்பதான் மேடை ஏறுறாரு. சத்தம் அதுலருந்துதான் வருதுன்னு தெரிஞ்சா மறுபடியும் கதவைச் சாத்திக்குவாரு. ஈறு பழகிட்டா தானா நின்னுடும்னு டாக்டர் சொல்லிட்டாராம். அவர் வூட்டம்மாவைத் தனியா கேட்டுக்கினேன். அதுவரைக்கும் அந்தச் சத்தத்துக்கு ஒரு ஆளு வேணும்ல?”

“அதுக்காக மேடை மேடையா நீ திட்டு வாங்குவியா?”

“பெரிய குரல்க்கா அவருக்கு. திட்டினாக்கூட சுதி சேர்ந்துதான் கீது.”

கல்பனா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். பெடலைத் திறந்தாள். ஸ்பாஞ்சை உரித்தாள், ரிலேவை எடுத்தாள், பழைய ஸ்விட்ச்சைப் போட்டு ஒயர்களைப் பற்றவைத்தாள். மூடி, பூனையின் பக்கத்தில் வைத்து மிதித்தாள்.

டக்.

பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

“ம்ஹும், இது பத்தாது” என்று ஸ்விட்ச் டப்பாவைத் துழாவினாள் கல்பனா. “இரு ஆல்பர்ட்டு, நான் ஒதுக்கி வெச்சதுல இதைவிட நல்லா கத்துறது ஒண்ணு கீது.”