ஆறு மணி போன்

தாம்பரம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில், டெஸ்டில் தேறாதவர்களுக்கு மட்டும் சாயங்காலம் ஆறு மணிக்கு போன் செய்து பத்து நிமிடம் சொல்லிக் கொடுப்பாள் ஹேமாவதி. இரண்டு மாதமாக அந்தப் பட்டியலில் மிச்சம் இருப்பவர் சாமுண்டீஸ்வரி மட்டும்தான்.

"ஆன்ட்டி, பக்கத்து வீட்டுக் குடையைக் கேட்டு வாங்கினா 'பாரோ'. உங்க குடையை அவங்களுக்குத் தந்தா 'லெண்ட்'. புரிஞ்சுதா?"

"புரியுதும்மா. எழுதறப்போ மாறிடுது. பக்கத்து வீடும் பூட்டியே கிடக்கு, யார்கிட்ட கேட்டுப் பழகறது?"

"வீட்ல வேற யாரும் இல்லையா?"

"டிவி இருக்கு. அது பேசும். நாம பேசினா கேட்காது."

ஹேமாவதி பேச்சை மாற்றினாள்.

"இன்னிக்கு தினகரன்னு ஒருத்தர் புதுசா சேர வந்தார். பெயர்ப் பட்டியல்ல உங்க பேரைப் பார்த்துட்டு ஆச்சரியப்பட்டார். டென்த்ல அவருக்கு இங்கிலீஷ் எடுத்ததே நீங்கதானாமே?"

மறுமுனையில் டிவி சத்தம் நின்றது.

"இனிமே வகுப்புக்கு வரலைம்மா. மன்னிச்சிடு."

"வாங்க டீச்சர். நாளைக்கும் டெஸ்ட் இருக்கு. பாஸ் மட்டும் பண்ணிடாதீங்க. ஆறு மணிக்குக் கூப்பிடறேன்."