எல்லைக் கம்பியோரம் பழுத்த செவ்வாழை

எல்லை வாயிலில் மங்கையர்க்கரசியின் லாரி நின்று எட்டு நாளாகிவிட்டது. அவள் தோட்டத்துச் செவ்வாழையில் பூச்சி இல்லை என்று பரிசோதனைச் சான்று வந்தால்தான் பக்கத்து நாட்டுக்குள் விடுவார்கள். சான்று வரவில்லை. ஒரு வருஷ உழைப்பு தார்ப்பாய்க்குள் பழுத்து, இரண்டு நாட்டிலும் மணத்தது. ஒன்பதாம் நாள் காலை அவளே தார்ப்பாயை அவிழ்த்துவிட்டாள்.

"அழுகிப் போறதுக்கு நாலு பேரு தின்னுட்டுப் போகட்டும்."

காத்துக் கிடந்த ஓட்டுநர்கள் வந்தார்கள், காவலர்கள் வந்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம், தினமும் அவளைத் திருப்பி அனுப்பிய அதிகாரி தாமோதரனும் வந்து நின்றார்.

"சான்று இல்லாம பழத்தை உள்ள விட முடியாதும்மா."

"பழம் இங்கயே இருக்கட்டும் சார். நீங்க வாயைக் கொண்டாங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு, கம்பி இடைவெளியில் தலையை நீட்டி, அவள் உரித்துப் பிடித்த பழத்தைக் கடித்தார். கண்ணை மூடி மென்றார்.

"தோல் மட்டும் இந்தப் பக்கம் வரக்கூடாது," என்றார் வாய் நிறைய.

தன் தோட்டத்துப் பழத்தை அந்த நாட்டுக்காரர் ஒருவர் தின்பதை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நிமிர்ந்தாள். அவருக்குப் பின்னால், அந்த ஊர் ஜனங்கள் குழந்தைகளோடு வரிசையில் நின்றிருந்தார்கள். சிரித்துக்கொண்டே அடுத்த பழத்தை உரித்தாள்.