மாந்தோப்பு மானியம்

தோல் வியாபாரியான கணவர் இறந்தபின், ஆம்பூர் மாந்தோப்பை வேதக்கோயிலுக்கு மானியமாக எழுதிவைத்தாள் தேவகிருபை. அங்கே ஊழியம் செய்யும் பாதிரி ஐயருக்கே அதன் வருமானம். ஆனால் அவர் குடும்பஸ்தராக இருக்கவேண்டும். புதிதாக வந்த ஞானசீலன் ஐயருக்கு மட்டும், கல்யாணம் செய்துகொள்ள ஒரு வருஷம் தவணை கொடுத்திருந்தாள்.

தவணை முடியுமுன்பே அவர் வந்து நின்றார். "தோப்பு வருமானம் எனக்கு வேணாங்க. பள்ளிக்கூடத்து ஏழைப் புள்ளைங்களுக்குக் குடுத்துடுங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. "இன்னாங்க ஐயரே, பொண்ணு அமையலியா? இன்னும் ஒரு வருஷம் வேணா தர்றேன்."

"பொண்ணு இருக்குதுங்க. இன்னும் கேக்கல."

"கேட்டுக் கட்டிக்குங்க. தோப்பை விட்டுட்டா, வர்றவ சோத்துக்கு இன்னா பண்ணுவா?"

"வாத்தியார் வேலையும் சேத்துப் பாக்கறேங்க. தோப்புக்கு ஆசைப்பட்டுக் கட்டிக்கிட்டான்னு ஊர் பேசக் கூடாது."

"தோப்புக்கும் பொண்ணுக்கும் இன்னாங்க சம்பந்தம்?"

ஞானசீலன் தலையைக் குனிந்துகொண்டார். "தோப்பைக் குடுத்தவங்களையேதாங்க பொண்ணு கேக்க வந்திருக்கேன்."

முப்பது வயது தேவகிருபைக்கு முகமெல்லாம் சிவந்துபோயிற்று. முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள்:

"முறையா எங்கண்ணன்கிட்ட வந்து கேளுங்க."

"அவரு ஒத்துக்குவாருங்களா?"

"நான் சொல்லி வெக்கிறேன்," என்றாள்.