பதினோரு கார்களில் ஒன்று

“பொண்ணையும் காரையும் நல்லா வெச்சுக்குவீங்கன்னு நம்பித்தான் கொடுத்தேன், மாப்பிள்ளை. உலகத்துலயே மொத்தம் பதினோரு வண்டிதான். அதைப் போய்த் துருப்பிடிக்க விட்டுட்டீங்களே!”

வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாமனார் இதையே சொன்னார். மாப்பிள்ளை அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரோடு டிங்கரிங் பட்டறையே கதியென்று ஏழு மாதம் கிடந்தார். கதவுகளும் மட்கார்டும் அரித்துப்போயிருந்தன. அரித்த இடத்தை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து அவருடைய விரல் ரேகையே அழிந்துவிட்டது.

“இந்தப் பாட்டுக்குப் புதுசாவே ஒண்ணு வாங்கியிருக்கலாம்” என்றாள் மனைவி.

“உங்கப்பா வாயை மூட வேற வழி தெரியலையே.”

பழைய கார் கண்காட்சியில் நடுவர் காரைச் சுற்றி வந்தார். மாமனார் அதன்மேல் சாய்ந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் பெருமை பேசிக்கொண்டிருந்தார். வேலைக்கு முன்னால் எடுத்த படங்களை மாப்பிள்ளை நீட்டினார். நடுவர் அவற்றை வெகுநேரம் பார்த்தார்.

“கதவு முழுக்கத் துருவா இருந்துதா?”

“ஆமா சார். என் கவனக்குறைவுதான்.”

“அதில்லைங்க. அந்தப் பதினோரு காருக்கும் கதவு, மட்கார்டு எல்லாமே அலுமினியம். அது துருவே பிடிக்காது. இது யாரோ இரும்புத் தகட்டுல செஞ்ச நகல்.”

கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக மாப்பிள்ளை மாமனாரை நேருக்கு நேர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“கேட்டீங்களா? அலுமினியத்தையே துருப்பிடிக்க வெச்சிருக்காரு எங்க மாப்பிள்ளை!”