எச்சில் கல்

மழை பெய்து ஒரு வாரமாகிறது. சதுக்கம் முழுக்கக் காய்ந்து கிடக்க, அந்த ஒரு கல் மட்டும் ஈரமாக இருந்தது.

பேராலயத்தின் பக்கவாட்டில், தரைக் கற்களோடு கல்லாகப் பதிந்திருக்கும் சின்னக் கருங்கல். மேலே ஒரு சிலுவைக் கீறல். பிரேமன் நகரத்துக்காரர்கள் பேச்சை நிறுத்தாமலே அதன்மேல் துப்பிவிட்டுப் போவார்கள்.

வீப்கே அதன் முன்னால் நின்றாள். எதிரே அரைவட்டமாகக் கூட்டம்: பக்கத்து ஊரான ஓல்டன்பர்க்கிலிருந்து வந்த பௌலிங் விளையாட்டுக் குழு, கைகோத்த ஒரு இளம் ஜோடி, ஓரத்தில் வீப்கேயின் அம்மா.

எல்லோருக்கும் பின்னால் கைகட்டி நின்றவர் லோகெமன். பழைய நகரத்தைச் சுற்றிக்காட்டும் அலுவலகத்தின் மூத்த வழிகாட்டி. இன்று வீப்கேவுக்குத் தேர்வு. இந்த நடை முடியும்போது அவர் தலையசைத்தால் வேலை. இல்லையென்றால் மறுபடியும் துறைமுகத்து மீன் ஆலை, குளிர்கூடம், விறைத்த விரல்கள்.

இதுவரை எல்லாம் நன்றாகவே போயிருந்தது. நினைத்தது நடக்க, நகரசபை ஓரத்து வெண்கலக் கழுதைச் சிலையின் முன்னங்கால்களை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், ஒரு கையால் பிடித்தால் ஒரு கழுதை இன்னொரு கழுதைக்குக் கைகொடுக்கிறது என்று அர்த்தம் என்று அவள் சொன்னபோது, லோகெமன்கூடச் சிரித்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இந்தக் கல்லிடம் வரும்போது சந்தைக் கடைப்பக்கம் போய் ஒரு காப்பி குடி என்று காலையிலேயே அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அம்மா போகவில்லை.

வீப்கே கதையைச் சொன்னாள். இந்த ஊரில் ஒருத்தி பெற்றவர்களை, பிள்ளைகளை, புருஷன்களை எலி மருந்து கலந்த வெண்ணெய் கொடுத்துக் கொன்றாள். நோயாளிகளின் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருக்கும் தேவதை என்று ஊர் அவளைக் கும்பிட்டது. பிறகு இந்தச் சதுக்கத்தில், ஊர் கூடிப் பார்க்க, இந்தக் கல் இருக்கும் இடத்தில் அவள் தலை விழுந்தது.

அடுத்த வரி அலுவலகம் எழுதிக் கொடுத்தது: இப்போது நீங்களும் துப்பலாம்.

அது வீப்கேயின் வாயிலிருந்து வரவில்லை.

"என்ன பொண்ணு, எங்க வாயில எச்சில் ஊற வச்சுட்டு நீ பாட்டுக்கு நிக்கிற?" என்றார் பௌலிங் குழுத் தலைவர் ஓக்கோ. "என் பெண்டாட்டி சமையலத் தின்னுட்டு இத்தன வருஷமா உயிரோட இருக்கேன். அந்தச் சந்தோஷத்துல முதல் ஆளாத் துப்புறேன்."

"உனக்குப் போயி வெண்ணெய வீணாக்குவானேன்னுதான் விட்டுவச்சிருக்கேன்" என்றாள் அவர் மனைவி.

கூட்டம் சிரித்தது. அம்மா கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லோகெமன் தொண்டையைச் செருமினார். "அடுத்தது என்ன, வீப்கே? மறந்துபோச்சா?"

"மறக்கல, சார். சொல்ல மாட்டேன்." வீப்கே கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "தலையையே எடுத்தாச்சு. அதுக்கு மேல நம்ம துப்பித் தீர்க்க என்ன மிச்சம் இருக்கு?"

சிரிப்பு நின்றது.

லோகெமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "ஜனங்க இதுக்குத்தான் வர்றாங்க. துப்ப வைக்காத வழிகாட்டி எனக்கு வேண்டாம்."

அதற்குள் அம்மா நகர்ந்து வந்திருந்தாள். யாரும் எதிர்பார்க்கவில்லை. குனிந்தாள், துப்பினாள். சிலுவையின் நடுவில் விழுந்தது. குறி தப்பவில்லை. சின்ன வயதில் வீப்கேவுக்கு இந்தக் கல்லில் துப்பக் கற்றுக்கொடுத்ததே அம்மாதான்.

"ஆரம்பிச்சு வச்சாச்சு, ஐயா" என்று லோகெமனைப் பார்த்துச் சொன்னாள். "அவ நல்லாத்தான் செய்றா. வேலையக் குடுங்க."

ஓக்கோ தன் முறைக்கு முன்னால் வந்தார்.

வீப்கே கழுத்திலிருந்த அலுவலகத்துச் சிவப்புத் துணியை உருவினாள். மண்டியிட்டாள். அம்மாவின் எச்சிலைத் துடைத்தாள். அதற்கு அடியில் இருந்த ஊரின் எச்சிலையும், கீறலுக்குள் விரலை விட்டு, கல் உலரும்வரை துடைத்தாள். பிறகு உள்ளங்கையை அதன்மேல் விரித்து வைத்தாள்.

"துப்புறவங்க என் கை மேல துப்பிக்கலாம்."

ஓக்கோவின் தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டார்.

"எழுந்திருடி" என்று அம்மா கிசுகிசுத்தாள். "எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

துணியைக் கேட்டு லோகெமன் கையை நீட்டினார். வீப்கே எழுந்து, நனைந்த துணியை அந்தக் கையில் வைத்தாள். அவர் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, அலுவலகம் இருக்கும் பக்கம் நடந்தார்.

"அடுத்தது மீனவர் சந்து" என்றாள் வீப்கே. "வர்றவங்க வாங்க."

முதலில் ஓக்கோவின் மனைவி வந்தாள். பிறகு மற்றவர்களும்.

வீப்கே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அம்மா செய்ததைச் சரியென்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அப்பாவின் சூப்பில் எலி மருந்தைக் கலந்துவிட்டுச் சிறைக்குப் போனவளுக்கு, இன்றுதான் முதல்முறையாக ஒரு பகல் மட்டும் வெளியே அனுமதி. எங்கே போக வேண்டும் என்று சிறையில் கேட்டதற்கு, மகள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.